தமிழர் ஓட்டு எங்கே நிற்கிறது: பினாங்கில் போராங் 14ஐப் படிக்கும் முறை

மலேசியாவில் தேர்தல் முடிந்த இரவே வாட்ஸ்அப் குழுக்களில் ஓர் எண் சுற்றத் தொடங்கிவிடும். இந்தியர் ஓட்டில் இத்தனை விழுக்காடு பக்காத்தானுக்கு, இத்தனை விழுக்காடு தேசிய முன்னணிக்கு, மீதி பெரிக்காத்தானுக்கு என்று. இந்த மூன்றும் நாட்டின் பெரிய கட்சிக் கூட்டணிகள். அடுத்த தேர்தலில் யாருக்கு எந்தத் தொகுதி, எந்தக் கட்சிக்கு எத்தனை நாற்காலி, தமிழ்ப்பள்ளிக்கு எவ்வளவு மானியம் என்ற பேரமெல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான் நடக்கிறது. ஆனால் தேர்தல் ஆணையம் ஓட்டை இனவாரியாக எண்ணுவதே இல்லை. வாக்குச்சீட்டில் இனம் கிடையாது. அதிகாரப்பூர்வ முடிவிலும் கிடையாது. அப்படியானால் அந்த எண் போராங் 14 என்ற வாக்கு எண்ணிக்கைப் படிவத்திலிருந்து எப்படி வருகிறது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் கட்சி ஆதரவைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பினாங்குத் தமிழர் ஒரு கட்சியின்மீது மனம் விட்டுப்போனால் மறுநாளே எதிர்க்கட்சிக்குப் போய்விடுவதில்லை. முதலில் ஓட்டுப் போடப் போகாமல் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். 2008இல் பினாங்கு ஆட்சியையே மாற்றியது போன்ற பேரலை விதிவிலக்கு. கட்சிகள் இந்த வீட்டிலிருப்பைக் கவனிப்பதில்லை. அதற்குக் கணக்கிலேயே காரணம் இருக்கிறது.

30,000 வாக்காளர் கொண்ட ஒரு சட்டமன்றத் தொகுதியை எடுத்துக்கொள்வோம். இந்தியர் 15 விழுக்காடு என்றால் 4,500 பேர். நூற்றுக்கு எழுபது பேர் ஓட்டுப் போட்டால் 3,150. இவர்களில் ஐந்தில் ஒருவர், அதாவது 630 பேர், ஆளுங்கட்சியை விட்டு எதிரணிக்குப் போனால் ஒரு பக்கம் 630 குறைகிறது, மறுபக்கம் 630 கூடுகிறது. வெற்றி வித்தியாசம் 1,260 ஓட்டு மாறுகிறது. அதே 630 பேர் வீட்டில் இருந்தால் வித்தியாசம் 630 மட்டுமே மாறும். கோபம் ஒன்றுதான், ஆனால் வீட்டில் இருப்பவரின் கோபம் கட்சிக்குப் பாதி விலையில் முடிந்துவிடுகிறது. வித்தியாசம் பத்தாயிரத்தைத் தாண்டும் தொகுதியில் இரண்டுமே உறைக்காது.

பினாங்கில் 40 சட்டமன்றத் தொகுதிகள், 13 நாடாளுமன்றத் தொகுதிகள். மக்கள்தொகையில் இந்தியர் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. பிறை, பாகான் டாலாம், செரி டெலிமா, பத்து காவான் போன்ற இடங்களில் செறிவு கூடுதல். ஆனாலும் நாடு முழுவதிலும் இந்தியர் பெரும்பான்மையாக இருக்கும் நாடாளுமன்றத் தொகுதி ஒன்றுகூட இல்லை. எனவே எந்த இந்திய வேட்பாளரும் இந்தியர் ஓட்டை மட்டும் நம்பி ஜெயிக்க முடியாது. தேசிய முன்னணியிலுள்ள மஇகா (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) வேட்பாளருக்கு அதே கூட்டணியிலுள்ள அம்னோவின் மலாய் ஓட்டு வேண்டும், பக்காத்தானிலுள்ள ஜசெக (ஜனநாயக செயல் கட்சி) இந்திய வேட்பாளருக்குச் சீனர் ஓட்டு வேண்டும். பேராக்கிலுள்ள தாப்பா, சுங்கை சிப்புட் போன்ற தொகுதிகளில் மஇகாவின் பலம் என்று பல ஆண்டுகள் எண்ணப்பட்டதில் பெரும்பகுதி அம்னோவின் பலம். மலாய் ஓட்டு பெரிக்காத்தான் பக்கம் சாய்ந்த 2022இல் மஇகாவுக்கு நாடு முழுவதும் தாப்பா ஒன்றுதான் மிஞ்சியது.

போராங் 14

ஒவ்வொரு வாக்களிப்பு மையமும் சாலுரான்களாகப் பிரிகிறது. மையம் பெரும்பாலும் ஒரு பள்ளிக்கூடம், ஒரு வகுப்பறை ஒரு சாலுரான், அதில் சில நூறு வாக்காளர். அவர்கள் வயதுப்படி அடுக்கப்படுகிறார்கள். மிக மூத்தவர்கள் முதல் சாலுரானில், எண் கூடக்கூட வயது குறையும், கடைசிச் சாலுரானில் இளையோர். இந்த ஓர் ஏற்பாட்டினால்தான் எந்த வயதுக்காரர் யாருக்குப் போட்டார் என்பதைக் கருத்துக்கணிப்பு இல்லாமலே பார்க்க முடிகிறது.

வாக்களிப்பு முடிந்ததும் அதே அறையில் எண்ணுகிறார்கள். அறைப் பொறுப்பாளர் ஒவ்வொரு சீட்டையும் விரித்து முகவர்கள் பார்க்கும்படி உயர்த்திக் காட்டுவார். முகவர்கள் தங்கள் தாளில் நான்கு கோடும் குறுக்கே ஒன்றுமாக ஐந்தைந்தாகப் போட்டுக்கொண்டே வருவார்கள். குறி கட்டத்துக்கு வெளியே போயிருந்தாலோ இரண்டு பெயருக்கும் விழுந்திருந்தாலோ அந்தச் சீட்டு தனியாக வைக்கப்பட்டு முடிவு சொல்லப்படும். கடைசியில் எழுதப்படுவதுதான் போராங் 14. சாலுரானுக்கு வந்த சீட்டு எத்தனை, பெட்டியில் இருந்தது எத்தனை, செல்லாதது எத்தனை, வாங்கிக்கொண்டு பெட்டியில் போடாமல் போனது எத்தனை, ஒவ்வொரு வேட்பாளருக்கும் எத்தனை என்பதெல்லாம் அதில் இருக்கும். பொறுப்பாளரும் முகவர்களும் கையெழுத்திடுவார்கள், முகவருக்கு ஒரு பிரதி கிடைக்கும்.

சரிபார்ப்பு எளிது. வேட்பாளர்களின் ஓட்டுகளையும் செல்லாதவற்றையும் கூட்டினால் பெட்டியில் இருந்த சீட்டின் எண்ணிக்கை வர வேண்டும். வராவிட்டால் அங்கேயே, கையெழுத்துக்கு முன்பே கேட்க வேண்டும். மறுநாள் கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது. நடைமுறையில் கெட்டுப்போவதும் இங்கேதான். காலை எட்டு மணிக்கு உட்கார்ந்த முகவர் களைத்துப்போய் எண்ணிக்கைக்கு முன்பே கிளம்பிவிடுவார், மாற்றாள் வரமாட்டார். அல்லது படிவத்தைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்புவார், 3ஆ 8ஆ என்று தெரியாத அளவுக்குப் படம் மங்கியிருக்கும். ஒரு தொகுதியில் ஐந்தாறு சாலுரான் இப்படி விடுபட்டாலும் அதன்மேல் கட்டும் முடிவெல்லாம் ஆட்டம் காணும்.

இதற்குப் பிறகு வாக்காளர் பட்டியல். அதில் பெயர், வயது, பாலினம், வட்டாரம் இருக்கும். கட்சிக்காரர்கள் பெயரைப் பார்த்து இனத்தைக் குறிப்பார்கள். பினாங்கில் இந்த வேலை மற்ற மாநிலங்களைவிடக் கடினம். இங்கே தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் ஏராளம், அவர்கள் பெயர் மலாய்க்காரர் கணக்கில் சேர்ந்துவிடும். தமிழ்க் கிறிஸ்தவர்களின் பெயரை யூரேசியர் என்றோ "மற்றவர்" என்றோ எழுதிவிடுவார்கள். பஞ்சாபியர், மலையாளிகள், தெலுங்கர் எல்லாரும் "இந்தியர்" என்ற ஒரே கட்டத்தில் விழுவார்கள். எனவே "இந்தியர் ஓட்டு" என்று வரும் எண்ணைத் "தமிழர் ஓட்டு" என்று படிப்பதே முதல் பிழை.

இரண்டாவது பிழை இன்னும் பெரியது. ஒரு சாலுரானில் 450 பேர் ஓட்டுப் போட்டார்கள், அவர்களில் 180 பேர் இந்தியர், 270 பேர் மற்றவர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வேட்பாளருக்கு 300 ஓட்டு விழுந்திருக்கிறது. இந்தியரில் எத்தனை பேர் அவருக்குப் போட்டார்கள்? மற்றவர் 270 பேரும் அவருக்கே போட்டிருந்தால் இந்தியர் 30 பேர் போதும், அதாவது 17 விழுக்காடு. இந்தியர் 180 பேரும் போட்டிருந்தால் மற்றவர் 120 பேர் போதும், அப்போது 100 விழுக்காடு. ஒரே படிவம், விடை 17 முதல் 100 வரை எங்கேயும் இருக்கலாம். தேர்தல் இரவில் ஒரு சாலுரானின் படத்தைப் போட்டு "நம் ஓட்டு முழுசா விழுந்திருக்கு" என்று சொல்பவரிடம் இந்தக் கணக்கைத்தான் காட்ட வேண்டும்.

விடை நெருங்கி வர வேண்டுமானால் பல சாலுரான்கள் வேண்டும். இந்தியர் 5 விழுக்காடு உள்ளது, 20 உள்ளது, 45 உள்ளது என்று வரிசையாக அடுக்கி, செறிவு கூடக்கூட அந்த வேட்பாளரின் பங்கு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். தெளிவாக ஏறினால் இந்தியர் ஆதரவு மற்றவரைவிடக் கூடுதல் என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். அப்போதும் ஓர் எச்சரிக்கை உண்டு. பிறைத் தொழிற்பேட்டையை ஒட்டிய மலிவு விலை அடுக்குமாடியில் செறிந்து வாழும் தொழிலாளியும், புக்கிட் கெலுகோரில் மூன்று தெருவுக்கு ஒரு வீடாகச் சிதறி வாழும் வழக்கறிஞரும் ஒரே மாதிரி ஓட்டுப் போடுவதில்லை. செறிவு மிகுந்த இடத்தில் தெரியும் போக்கு சிதறி வாழ்வோருக்கும் பொருந்தும் என்று வைத்துக்கொள்ளக் கூடாது. தபால் ஓட்டையும் காவல்துறை, இராணுவத்தினரின் முன்கூட்டிய ஓட்டையும் இந்த ஒப்பீட்டிலிருந்து ஒதுக்கிவிட வேண்டும்.

வாக்களிப்பு விழுக்காட்டை ஒப்பிடும்போது இன்னொரு வலை விரிந்திருக்கிறது. 18 வயதில் வாக்குரிமையும் தானியங்கிப் பதிவும் 2021 டிசம்பர் 15 முதல் நடப்புக்கு வந்தன. 2018இல் 14.9 மில்லியனாக இருந்த வாக்காளர் பட்டியல் 2022இல் 21 மில்லியனைத் தாண்டியது. வாக்களிப்பு 82 விழுக்காட்டிலிருந்து 74 விழுக்காட்டை ஒட்டி இறங்கியது, ஆனால் ஓட்டுப் போட்ட தலைகளின் எண்ணிக்கை 12 மில்லியனிலிருந்து 15 மில்லியனுக்கு மேல் ஏறியது. அதனால் வீட்டில் இருந்துவிட்டவர்களைத் தேடும்போது விழுக்காட்டைவிட மூத்த சாலுரான்களின் தலைக்கணக்கே நம்பகமானது. முன்பு தவறாமல் வந்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்கள் குறைந்தால் அதற்குப் பொருள் உண்டு.

சங்கிலி

தோட்டத்தில் தமிழர் ஓட்டு ஒரு சங்கிலியில் இருந்தது. மேலே கட்சி, கீழே கிளைத் தலைவர், அவரே பல இடங்களில் கோயில் நிர்வாகத்திலும் பள்ளி வாரியத்திலும் இருப்பார், தொழிற்சங்கக்காரரோடு உறவு இருக்கும். குழந்தைக்குப் பிறப்புச் சூராட் (சான்றிதழ்) எடுப்பதிலிருந்து கோயில் கூரைக்குத் தகரம் வாங்குவது வரை அவர் வழியாகத்தான் நடந்தது. 1946இல் தொடங்கிய மஇகாவின் பலம் அரை நூற்றாண்டுக்கு இந்தச் சங்கிலியில்தான் நின்றது.

தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்புத் திட்டங்களும் தொழிற்சாலைகளும் வந்தபோது மக்கள் பட்டர்வொர்த், பிறை, சுங்கை டுவா அடுக்குமாடிகளுக்குச் சிதறினார்கள். பத்து காவான் தோட்டம் இன்று பண்டார் காசியா, 2014 மார்ச்சில் திறந்த இரண்டாம் பாலம் அங்கேதான் கரையேறுகிறது. மக்கள் போன இடத்துக்குக் கட்சிக் கிளை போகவில்லை. கிளை ஏட்டில் இருந்தது, உறுப்பினர் பெயர் இருந்தது, ஆனால் ஐந்தாம் மாடியில் குடியிருப்பவரின் பிரச்சினையை எடுத்துப்போக ஆள் இல்லை. மஇகா தொடங்கிய முதலீட்டு நிறுவனமான மைக்கா ஹோல்டிங்சில் 1980களில் தோட்டத் தொழிலாளர்கள் உட்பட 66 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் போட்ட 10 கோடி ரிங்கிட்டுக்கு மேலான பணம் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்ற மனக்குறையும் சேர்ந்தது.

அதனால் இந்து உரிமை அமைப்பான இண்ட்ராஃபின் 2007 நவம்பர் 25 பேரணியை 2008 மார்ச் 8 முடிவின் ஒரே காரணமாகச் சொல்வதை நான் ஏற்பதில்லை. பேரணி தீப்பொறிதான், சங்கிலி அதற்கு முன்பே அறுந்துபோயிருந்தது. அந்தத் தேர்தலில் பினாங்கில் ஜசெக போட்டியிட்ட 19 சட்டமன்ற இடங்களையும் வென்றது, அதன் தோழமைக் கட்சிகளான பிகேஆர் 9, பாஸ் 1. பத்து காவான் நாடாளுமன்றத் தொகுதியில் பேராசிரியர் ப. இராமசாமி அன்றைய முதலமைச்சர் கோ சூ கூனையே தோற்கடித்து, பின்னர் இரண்டாம் துணை முதலமைச்சரானார். டத்தோஸ்ரீ சாமிவேலு சுங்கை சிப்புட்டில் டாக்டர் ஜெயக்குமாரிடம் தோற்றார். அன்றுமுதல் பினாங்கில் மஇகா ஒரு சட்டமன்ற இடத்தையும் வெல்லவில்லை.

புதிய அரசாங்கத்துக்கும் சோதனை உடனே வந்தது. கெலுகோரில் இருந்த கம்போங் புவா பாலா, மாட்டுத் தொழுவமும் மரங்களுமாக இருந்த பழைய தமிழர் குடியிருப்பு, 2009 செப்டம்பரில் இடிக்கப்பட்டது. நிலத்தைக் கைமாற்ற ஒப்புதல் தந்தது முந்தைய ஆட்சி, வழக்கிலும் குடியிருப்போர் தோற்றிருந்தார்கள். சட்டப்படி மாநில அரசால் செய்யக்கூடியது குறைவு. ஆனாலும் மக்கள் பார்த்தது புல்டோசர் வந்தபோது யார் ஆட்சியில் இருந்தார்கள் என்பதைத்தான். ஆதரவைப் படிக்கும் எவரும் இதை மறக்கக் கூடாது: பொறுப்பு யாருடையது என்பதும், யார் கண்ணெதிரே நடந்தது என்பதும் வேறு வேறு. ஓட்டு இரண்டாவதைப் பின்தொடரும். 2025 மார்ச்சில் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பகுதியில் தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலய இடமாற்றம் பேசப்பட்டபோதும் நில உரிமைப் பத்திரத்தைப் பற்றிய விளக்கங்கள் மக்கள் மனத்தை எட்டாததற்கு இதுவே காரணம்.

அதன்பின் பினாங்கில் ஆளும் தரப்பு 2013இல் 30, 2018இல் 37 என்று ஏறியது. 2023 ஆகஸ்ட் 12இல் பக்காத்தான் 27, அதோடு கைகோத்த தேசிய முன்னணி 2, பெரிக்காத்தான் 11. அந்தத் தேர்தலில் மஇகா போட்டியிடவே இல்லை. பிறையில் இராமசாமிக்கு இடம் தரப்படவில்லை, அவர் ஜசெகவை விட்டு விலகி உரிமை கட்சியைத் தொடங்கினார். வேட்பாளரை மாற்றுவது கட்சியின் உரிமை. ஆனால் 15 ஆண்டு ஒருவர் வழியாகப் போன மனுக்களும் பள்ளி விவகாரங்களும் கோயில் பேச்சுவார்த்தைகளும் இனி யார் வழியாகப் போகும் என்பதை முன்கூட்டியே சொல்லாமல் மாற்றும்போது சங்கிலி மறுபடி அறுகிறது. இதைத் தலைவர்களின் சண்டையாக மட்டும் பார்த்தவர்கள் கீழே நடந்ததைக் கவனிக்கவில்லை.

சேவை மையத்தில் நடப்பது

கட்சி ஆதரவு தினசரி உருவாகும் இடம் தொகுதி சேவை மையம். வருபவர்களில் கணிசமானோர் சமூகநல உதவிக்கும் வீட்டுக்கும் வருவார்கள். மிகச் சிக்கலானது குடியுரிமை வழக்கு. வழக்கமான ஒன்று இப்படி இருக்கும். தாய் தந்தையர் கோயிலில் தாலி கட்டிக்கொண்டார்கள், திருமணத்தைச் சட்டப்படி பதியவில்லை. இந்து முறைத் திருமணமும் 1982 மார்ச் 1 முதல் பதிவு செய்யப்பட வேண்டும். பதியாவிட்டால் குழந்தை சட்டத்தின் கண்ணில் திருமணத்துக்கு வெளியே பிறந்தது. அப்போது குழந்தையின் குடியுரிமை தாயைப் பொறுத்தது. தாயிடம் அடையாள ஆவணம் ஒன்றுமே இல்லை என்றால், தந்தை நான்கு தலைமுறை மலேசியராக இருந்தாலும் பிள்ளைக்கு மைகார்டு (குடிமக்கள் அடையாள அட்டை) கிடையாது. பிறகு பெற்றோர் பதிந்துகொண்டாலும் பிறந்த அன்றைய நிலை தானாக மாறாது. அரசமைப்பின் 15ஏ பிரிவின்கீழ் விண்ணப்பிக்கலாம், வயது வரம்பைத் தாண்டிவிட்டால் அந்தக் கதவும் மூடிவிடும்.

இங்கே நல்ல சேவை மையத்துக்கும் மோசமானதற்கும் உள்ள வேறுபாடு ஒரு தாளில் தெரிந்துவிடும். மோசமானது ஆதரவுக் கடிதம் ஒன்றை அடித்துக் கொடுத்து அனுப்பிவிடும். கடிதத்தை மட்டும் வைத்துப் பதிவு இலாகா ஒன்றும் செய்ய முடியாது. நல்லது பிறப்புச் சான்று, மருத்துவமனைப் பதிவு, பெற்றோர் அட்டைகள், பள்ளிப் பதிவு, பிரசவத்தை அறிந்த சாட்சிகளின் சத்தியப்பிரமாணம் எல்லாவற்றையும் முதலில் சேர்க்கும், விண்ணப்ப எண்ணைக் குறித்துக்கொள்ளும், சில மாதங்களுக்கு ஒருமுறை விசாரிக்கும், பதில் வராவிட்டாலும் குடும்பத்துக்குத் தகவல் சொல்லும். வழக்கு பல ஆண்டுகள் இழுக்கும். ஒரு குடும்பத்தின் ஓட்டு அந்த இழுவையில்தான் முடிவாகிறது, மேடையில் இல்லை. "கேட்டாங்க, திரும்பக் கூப்பிட்டுச் சொன்னாங்க" என்பதுதான் அடுக்குமாடியில் பரவும் பிரசாரம்.

மானியமும் இப்படித்தான். பினாங்கின் 28 தமிழ்ப்பள்ளிகளுக்கு மாநில அரசு தரும் உதவியும், இந்தியர் மேம்பாட்டுக்கான அரசுப் பிரிவான மித்ராவுக்கு ஆண்டுக்கு 10 கோடி ரிங்கிட்டும் அறிவிப்பாக எல்லாருக்கும் தெரியும். எந்தப் பள்ளியின் எந்தக் கட்டடம், எந்த அமைப்பின் எந்தப் பயிற்சி என்பது தெரியாதவரை அந்தப் பணம் ஓட்டாக மாறாது. பள்ளியிறுதித் தேர்வான எஸ்பிஎம் முடிவு வரும் பருவத்தில், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பான மெட்ரிகுலேஷனில் இடம் கிடைக்காத ஒரு மாணவியின் செய்தி அந்த அறிவிப்புகள் அத்தனையையும் அடித்துக்கொண்டு போய்விடும். பூமிபுத்ரா (மலாய்க்காரர், பூர்வகுடியினர்) அல்லாதோருக்குப் பத்து விழுக்காடு என்ற ஒதுக்கீட்டுக்குள் நம் பிள்ளைகள் போட்டியிடும்போது ஒவ்வோர் ஆண்டும் இது வரும் என்று தெரிந்தே இருக்கிறது. 2024இல் பத்து ஏ எடுத்த அனைவருக்கும் இடம் என்று பிரதமர் அறிவித்தது ஒரு பகுதியைத் தீர்த்தது. எட்டு ஒன்பது ஏ எடுத்தவரின் வீட்டில் கேள்வி அப்படியே இருக்கிறது.

ஒரு காலத்தில் பினாங்கின் தலைநகர் ஜார்ஜ்டவுனில் இந்தச் சங்கிலியின் கீழ்க்கண்ணி தேர்தலில் நின்று வந்தது. 1957இல் மாநகரான ஜார்ஜ்டவுனின் முதல் மேயர் டி. எஸ். ராமநாதன், தொழிலாளர் கட்சிக்காரர். ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது, திரும்ப வரவில்லை. இன்று பினாங்குத் தீவு, செபராங் பிறை மாநகர் மன்றங்களின் உறுப்பினர்கள் நியமிக்கப்படுகிறார்கள். வடிகால், சாலைவிளக்கு, கோயில் நிலப் பயன்பாடு எல்லாம் அங்கே முடிவாகும்போது, தமிழ் உறுப்பினர் அண்ணாந்து பார்ப்பது கட்சியை, கீழே குனிந்து பார்க்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. உள்ளாட்சித் தேர்தலைத் திரும்பக் கொண்டுவருவது தமிழருக்கு ஓர் அமைச்சர் பதவியைவிடப் பயன் தரும் என்பது என் உறுதியான எண்ணம்.

2024 மே 11இல் சிலாங்கூர் கோல குபு பாரு இடைத்தேர்தலின்போது இந்தியர் ஜசெகவுக்கு ஓட்டுப் போட வேண்டாம் என்ற அழைப்பு வெளிப்படையாகவே எழுந்தது. ஜசெக 3,869 ஓட்டு வித்தியாசத்தில் வென்றது, வாக்களிப்பு 61 விழுக்காட்டை ஒட்டி நின்றது. வெற்றியை மட்டும் பார்த்தால் அழைப்பு பலிக்கவில்லை என்று தோன்றும். இந்தியர் செறிந்த சாலுரான்களில் மூத்தோர் எத்தனை பேர் வரவில்லை என்று பார்க்காமல் அப்படிச் சொல்லக் கூடாது.

அடுத்த பொதுத் தேர்தல் 2028 தொடக்கத்துக்குள் நடந்தாக வேண்டும். வீட்டில் இருந்தவரைத் திரும்ப அழைக்க நினைக்கும் எந்தக் கட்சியும் முதலில் சரிசெய்ய வேண்டியது முகவரி. தானியங்கிப் பதிவு அடையாள அட்டை முகவரியில்தான் நடக்கிறது. தோட்டத்திலிருந்தோ பழைய வாடகை வீட்டிலிருந்தோ மாறியவர் பதிவு இலாகாவில் முகவரியை மாற்றினாலும் அவருடைய வாக்களிப்புத் தொகுதி தானாக மாறுவதில்லை. தேர்தல் ஆணையத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அதுவும் தேர்தல் அறிவிப்புக்கு வெகு முன்பே. மைஎஸ்பிஆர் செமாக் செயலியில் அடையாள அட்டை எண்ணைத் தட்டினால் தன் மையம் எது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பிறைத் தொழிற்சாலையில் சனிக்கிழமை ஷிப்டு உள்ளவருக்கு, ஓட்டுப் போட நியாயமான நேரத்தை முதலாளி தர வேண்டும் என்று 1954 தேர்தல் குற்றச் சட்டம் சொல்வதையும் சொல்லிவைக்க வேண்டும். மாடி மாடியாக ஏறி இதைச் செய்ய ஓர் அடுக்குமாடிக்கு இரண்டு பேர் போதும், வேட்புமனு நாளுக்குப் பிறகு ஏறினால் எவராலும் முடியாது.